நூற்றிருபதுக்குக் கீழே எல்லோரும் சுகமே

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்தை உரசிக்கொண்டு, கிரெட்னா கிரீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. திருட்டுக் கல்யாணத்துக்குப் பேர்போன ஊர். 1754இல் இங்கிலாந்தின் புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வந்ததும், பெற்றவர்கள் சம்மதிக்காத இளவட்டங்கள் வண்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டி இங்கே ஓடிவந்தார்கள். கொல்லன் பட்டறையில் பட்டறைக்கல்லைச் சாட்சி வைத்துக் கைப்பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் செல்லாதது ஆற்றைத் தாண்டினால் செல்லும். அன்று காதலுக்குக் கிடைத்த அந்தச் சலுகை இந்த நூற்றாண்டில் மலத்துக்கும் கிடைத்தது.

இப்படி வைத்துக்கொள்வோம். அக்காள் கிரெட்னாவில் குடியிருக்கிறாள். தம்பி, எல்லைக்கு இந்தப் பக்கம், கார்லைல் நகரத்தில். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆண்டு 2020. இருவர் வீட்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து தபாலில் ஒரு குப்பி வருகிறது. மலத்தில் துளி எடுத்து அனுப்புங்கள், பெருங்குடலில் புற்று இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறது கூட வந்த தாள். இருவரும் சொன்ன பேச்சுக் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வகம் அளக்கிறது. இருவருக்கும் ஒரே அளவு: ஒரு கிராம் மலத்தில் 100 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தின் செந்நிறப் பொருள்.

அக்காளுக்குக் கடிதம் வருகிறது: கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும், வாருங்கள். தம்பிக்கும் கடிதம் வருகிறது: தற்சமயம் தங்களுக்கு மேற்கொண்டு பரிசோதனை எதுவும் தேவையில்லை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவரவர் வயிற்றில் கசியும் ரத்தமும் ஒரே அளவு. ஆனால் அக்காளுடையது ஸ்காட்டிஷ் குடல்; இதற்கு மேல் என்றால் கூப்பிடு என்று 2017இல் ஸ்காட்லாந்து வரைந்த கோடு 80. தம்பியுடையது ஆங்கிலக் குடல். 2019இல் இங்கிலாந்து வரைந்த கோடு 120. அதே 2019இல் வேல்ஸ் 150 என்று ஆரம்பித்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவந்தது. வட அயர்லாந்தும் பின்னால் இங்கிலாந்தைப் பார்த்து 120 என்று எழுதிக்கொண்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசில் 45. ஒரு தீவுக்கூட்டத்துக்குள் ஒரே ரத்தத்துக்கு நாலு விலை. தம்பி செய்த பிழை ஒன்றே ஒன்று: தபால்பெட்டியைத் தேடிப் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே குடிபெயராமல் விட்டது.

இந்தப் பரிசோதனையை நான் ஏசவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிட் என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். செல்லத்துக்குத் தகுதியான பிள்ளைதான். குப்பியின் மூடியோடு ஒரு குச்சி. குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளம். மலத்தில் அங்கங்கே கீறி, குப்பிக்குள் திரும்பச் செருகி, உறையில் போட்டு அனுப்பினால் முடிந்தது. உள்ளே இருக்கும் திரவம் ரத்தம் கெடாமல் காக்கும். ஆய்வகத்தில் இருக்கும் ஆன்டிபாடி மனித ஹீமோகுளோபினை மட்டும் தேடிப் பிடிக்கும். முந்தின நாள் தின்ற மாட்டிறைச்சியைக் கண்டு ஏமாறாது.

இதற்கு முன்னால் இருந்தது கேவலமான ஏற்பாடு. மூன்று முறை மலம் கழிக்கும்போதும் அட்டைக் குச்சியால் எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு இடமாக, மொத்தம் ஆறு சின்ன ஜன்னல்களில் பூச வேண்டும். குவாயகம் என்ற மரப்பிசின் தடவிய அந்த அட்டை, ரத்தம் இருந்தால் நீலமாகும். மனித ரத்தமா மாட்டு ரத்தமா என்று அதற்குத் தெரியாது. அந்த அட்டையே ஆளைக் காப்பாற்றியது என்பதுதான் வியப்பு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆண்டுதோறும் பரிசோதித்தவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. நாட்டிங்ஹாமிலும் டென்மார்க்கிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்து பார்த்து, 15 முதல் 18 சதவீதம் குறைந்தது என்று 1996இல் சொன்னார்கள். அதை நம்பித்தான் இங்கிலாந்து 2006இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு 2014இல் ஃபிட்டை ஒரு பகுதி மக்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அட்டையை நூற்றுக்கு 59 பேர் பூசி அனுப்பினார்கள் என்றால், குப்பியை 66 பேர் அனுப்பினார்கள். ஆறு முறை பூசச் சொன்னால் மனுஷன் முகம் சுளிப்பான், ஒருமுறை குத்தியெடுக்கச் சொன்னால் செய்துவிடுவான் என்பதைக் கண்டுபிடிக்கப் பல்லாயிரம் பேர் மலம் தேவைப்பட்டது. போகட்டும், நல்ல கண்டுபிடிப்பு.

அதற்கும் குறை உண்டு. கட்டி தினமும் ரத்தம் சிந்தியாக வேண்டும் என்று சட்டமில்லை. வலப்புறக் குடலில் தட்டையாகப் படர்ந்து ஒளிந்திருக்கும் சில பாலிப்கள், அதாவது சதைவளர்ச்சிகள், ரத்தம் சிந்துவதே அபூர்வம். இவையெல்லாம் உடம்பு செய்யும் சூழ்ச்சி. உடம்போடு கோபித்துக்கொண்டு பயனில்லை. என் கோபம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் சூழ்ச்சியின் மேல்.

பழைய அட்டை உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். புதிய குப்பி எண்ணைச் சொல்கிறது. எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதிகாரிகளுக்குக் கொண்டாட்டம். எத்தனை மைக்ரோகிராமுக்கு மேல் ஆளைக் கூப்பிடுவது என்ற கோட்டை அவர்களே வரையலாம் அல்லவா? பிரிட்டனின் தேசிய ஸ்கிரீனிங் குழு 2018இல் பரிந்துரை கொடுத்தது: ஃபிட்டைக் கொண்டுவாருங்கள், ஐம்பது வயதிலேயே தொடங்குங்கள், கோட்டை 20க்குக் கொண்டுபோங்கள். அமைச்சர்கள் மிகுந்த மரியாதையோடு அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஃபிட் வந்தது. அறுபது வயதில் தொடங்கியது. கோடு 120.

நிபுணர்கள் சொன்னதை ஆறால் பெருக்கியிருந்தார்கள். பரிந்துரையை ஏற்பதென்றால் இப்படித்தான் தாராளமாக ஏற்க வேண்டும்.

ஏன் ஆறு மடங்கு? குடலின் இயல்பு பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்ததா? ஆங்கிலேயரின் ரத்தம் அடர்த்தி கூடியதா? அதெல்லாம் இல்லை. கோடு கீழே இறங்கினால் கூப்பிட வேண்டிய ஆள் பெருகும். கூப்பிட்டவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும். அதற்கு அறை வேண்டும், குழாயைச் செலுத்தத் தெரிந்த கை வேண்டும், செவிலியர் வேண்டும், எடுத்த திசுவைக் கண்ணாடியில் வைத்துப் படிக்க ஆள் வேண்டும். நாட்டில் அத்தனை பேர் இல்லை. இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. மைக் ரிச்சர்ட்ஸ் தலைமையில் எழுதிய அறிக்கை 2020இல் பச்சையாகச் சொன்னது: கூடுதலாக 200 எண்டோஸ்கோப்பி அறைகள் வேண்டும். அறை கட்டக் காசு வேண்டும். ஆளைப் பழக்கப் பல வருஷம் வேண்டும். கோட்டை நகர்த்த ஒரு ரப்பரும் ஒரு பென்சிலும் போதும்.

மதகு பழுதாகிக் கிடக்கிறது என்பதற்காக, ஏரிக்கரைக் கல்லில் செதுக்கியிருந்த அபாயக் குறியை நாலு முழம் மேலே தள்ளிச் செதுக்கிவிட்டு, இந்த வருஷம் வெள்ள அபாயம் இல்லை என்று தண்டோரா போடும் பொதுப்பணித்துறையை நீங்கள் பார்த்ததில்லை என்றால், இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது துல்லியத்துக்கு வருவோம். இந்தப் பரிசோதனை எவ்வளவு துல்லியமானது என்று கேட்காத பத்திரிகை இல்லை. தாமஸ் இம்பீரியாலே என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2019இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கோட்டை 10இல் வைத்தால் நூறு புற்றுநோயில் 91ஐ ஃபிட் பிடிக்கும். கோடு 20ஐத் தாண்டினால் 71தான். புற்றாக மாறக் காத்திருக்கும் பெரிய பாலிப்கள் என்றால், 10இல் நூற்றுக்கு 40, இருபதுக்கு மேலே 25. இருபதைத் தாண்டும்போதே இந்தக் கதி. நூற்றிருபதில் எத்தனை நழுவும் என்று அறிய மேதை வேண்டாம்; ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லும், எல்லாத் தொகையும் இறங்கித்தான் போகும் என்று.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோட்டை இறக்கினால் ஒன்றுமில்லாதவர்களையும் கூப்பிட்டு வதைப்போம். அதே கணக்கில், புற்று இல்லாத நூறு பேரில் வீணாக மிரட்டப்படுவோர் 10இல் பத்துப் பேர், இருபதுக்கு மேலே ஐந்து பேர். கொலோனோஸ்கோப்பி ஒன்றும் மாலை நேர உலா இல்லை. முந்தின ராத்திரி பேதி மருந்து குடித்துக் கழிப்பறையே கதியாகக் கிடக்க வேண்டும். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழுவதும் உண்டு. ஆகவே எங்கேயாவது ஒரு கோடு வேண்டும் என்பதை மறுப்பவன் அறிவிலி. அந்தக் கோட்டைக் குடலைப் பார்த்து வரைந்தீர்களா, கஜானாவைப் பார்த்து வரைந்தீர்களா என்று கேட்பவனும் அறிவிலியா?

பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 44,000 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் தெரியவருகிறது. ஏறக்குறைய 17,000 பேர் அதனால் சாகிறார்கள். முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டு கடந்து வாழ்கிறார்கள்; நாலாம் கட்டத்தில் கண்டுபிடித்தால் பத்துப் பேர் தேறினால் பெரிது. இது தெரிந்துதான் 2019 ஜனவரியில் என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதாரச் சேவையின் நீண்டகாலத் திட்டம் என்று ஒன்றை வெளியிட்டுச் சபதம் செய்தார்கள்: 2028க்குள் புற்றுநோயில் முக்கால்வாசியை முதல் இரண்டு கட்டத்திலேயே பிடித்துவிடுவோம். ஜனவரியில் சபதம், ஜூனில் 120. துரியோதனன் தொடையைப் பிளப்பேன் என்று சபையில் சபதம் செய்துவிட்டு, கதாயுதத்தை அடகுக்கடையில் வைத்த பீமனை வியாசர் எழுதவில்லை, வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதிவிட்டார்கள்.

டெபோரா ஜேம்ஸ் என்ற பெண்மணியை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. பள்ளித் துணைத் தலைமையாசிரியையாக இருந்தவர். 2016இல், முப்பத்தைந்து வயதில், பெருங்குடல் புற்று. கூச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மலத்தின் உருவம் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று, உங்கள் மலத்தைத் திரும்பிப் பாருங்கள் என்று ஒரு நாட்டையே பேசவைத்தார். அவர் வயதுக்கு அந்தத் தபால் குப்பி வந்திருக்கவே வந்திருக்காது. இருந்தும் மற்றவர்களுக்காகப் பேசினார். 2022 மே மாதம் இளவரசர் வில்லியம் அவருடைய பெற்றோர் வீட்டுக்கே போய்ப் பட்டம் சூட்டினார். ஜூனில், நாற்பது வயதில், போய்விட்டார். தலைவர்கள் வரிசையில் நின்று கண் கலங்கினார்கள். ஊர் தன் மலத்தைத் திரும்பிப் பார்த்தது. கண் கலங்கியவர்கள் தங்கள் கோட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டும் 120. அடுத்த ஆண்டும் 120. 80க்கு இறக்கலாம் என்ற பேச்சு பிறகுதான் எழுந்தது. ஸ்காட்லாந்து 2017இல் நின்ற இடத்துக்கு வந்து சேருவதை இங்கிலாந்து முன்னேற்றம் என்று அழைக்கும். அந்த 80உம் நிபுணர் சொன்ன இருபதின் நாலு மடங்கு என்பதைக் கைதட்டலில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

கோட்டை நகர்த்துவது இங்கிலாந்து மட்டும் செய்யும் வித்தை என்று சொல்லமாட்டேன். நெதர்லாந்து 2014இல் தொடங்கும்போது 15 என்று வரைந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ரத்தம். ஆண்டு பாதி ஓடுவதற்குள் 47க்கு உயர்த்தினார்கள். ஆனால் அவர்கள் செய்ததைச் செய்தோம் என்று எழுதிவைத்தார்கள்: எத்தனை பேரைக் கூப்பிட நேர்ந்தது, கோட்டை உயர்த்தியதும் எத்தனையாகக் குறைந்தது, எது கிடைத்தது, எது போனது என்று ஆய்விதழில் கணக்கோடு அச்சிட்டார்கள். அவர்கள் பதறிப்போய் ஏறி நின்ற உயரம் 47. இங்கிலாந்து பதறாமல், நிதானமாக, முதல் நாளே ஏறி உட்கார்ந்த உயரம் 120.

பெண்கள் கதைக்கு வருகிறேன். இது என் ரத்தத்தைக் கொதிக்கவைக்கும் இடம்; மைக்ரோகிராம் கணக்கில் இல்லை. ஒரே கோட்டை இருபாலருக்கும் வைத்தால், பெண்களின் புற்றுநோயை ஃபிட் ஆண்களுடையதைவிட அதிகமாகத் தவறவிடுகிறது. பெண்களின் மலத்தில் சராசரியாக ரத்தத்தின் அளவு குறைவு. காரணம் எதுவானாலும் விளைவு இது, பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஃபின்லாந்து 2019இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 70 என்று இரண்டு கோடு போட்டது. ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கு 40, ஆண்களுக்கு 80. முடியாத காரியம் இல்லை. கணினியில் ஒரு வரி கூடுதல். இங்கிலாந்தில் ஆண் பெண் பேதமில்லை, இருவருக்கும் ஒரே கோடு. சம்பளத்தில் வராத சமத்துவம், பதவியில் வராத சமத்துவம், மலத்தில் மட்டும் குறைவற வந்து சேர்ந்துவிட்டது. பெண்களைச் சமமாக நடத்தாதே என்று கெஞ்ச வேண்டிய ஒரே இடத்தில் அரசாங்கம் கொள்கைக் குன்றாக நிற்கிறது.

வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும் பண்டம். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் வட்டாரத்தில் பார்த்தார்கள்: குளிர்காலத்தைவிடக் கோடையில் பரிசோதனையில் ரத்தம் தென்படும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு என்று 2010இல் எழுதினார்கள். ஜூலை மாதத்தில் இத்தாலியக் குடல்கள் கடற்கரைக்குப் போய் ஆரோக்கியம் பெற்றுத் திரும்பியதால் அல்ல. குப்பி தபால்பெட்டியில் வெந்ததால். ஆஸ்திரேலியாவில் 2009இல் இதைவிடப் பெரிய கூத்து. குப்பியின் திரவத்தில் கோளாறு. ரத்தம் இருந்தும் இல்லை என்று விடை வந்தது. கண்டுபிடித்ததும் தேசியத் திட்டத்தையே நிறுத்தி, நலம் என்று சொல்லி அனுப்பியவர்களுக்கு மறுபடி குப்பி அனுப்பினார்கள். இன்றும் அங்கே சுட்டெரிக்கும் பகுதிகளுக்கு உச்சக் கோடை மாதங்களில் குப்பி போவதில்லை. வெயில் தணிந்த பிறகு புற்றுநோயைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு யோக்கியம் இருக்கிறது: என் கருவி இந்த நேரத்தில் பொய் சொல்லும், ஆகவே இந்த நேரத்தில் கேட்கமாட்டேன் என்கிறான் அந்த ஊர் அதிகாரி. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த அதிகாரியைக் கோவில் கட்டிக் கும்பிடலாம்.

அமெரிக்கா எல்லாவற்றையும் போல இதையும் சந்தையில் வைத்தது. அங்கே முன்பு ஒரு வழக்கம். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஆசனவாயில் விரலை விட்டு, விரலில் ஒட்டியதை அட்டையில் தடவி, பரிசோதனை ஆயிற்று என்று எழுதிக்கொள்வார். 2005இல் கணக்கெடுத்தார்கள். அந்த விரல், முற்றிய பாலிப்பும் புற்றும் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட முழுசாகப் பிடிக்கவில்லை, 4.9. வீட்டில் ஆறு முறை பூசி அனுப்பிய அட்டையாவது 24 பேரைப் பிடித்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின்படி அமெரிக்க முதல்நிலை மருத்துவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நம்பியிருந்தது அந்த விரலை மட்டும்தான். அதற்கும் ரசீது உண்டு.

பிறகு 2014இல் கோலோகார்ட் வந்தது. ரத்தத்தோடு மலத்தில் உதிரும் டி.என்.ஏ.வையும் தேடும் பரிசோதனை. விலை பல நூறு டாலர். கையும் காலும் முகமும் முளைத்த ஒரு பெட்டி தொலைக்காட்சியில் வந்து கொஞ்சிப் பேசிற்று. பத்தாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வில் அது நூறு புற்றுநோயில் 92ஐப் பிடித்தது. அதே ஆய்வில் ஃபிட் பிடித்தது 74. நல்லது, ஒப்புக்கொள்கிறேன். முற்றிய பாலிப்களில் பெட்டி பிடித்தது 42, ஃபிட் 24. முற்றிய கோளாறு ஏதும் இல்லாதவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேரைப் பெட்டி சும்மா பயமுறுத்தியது. ஃபிட் ஐந்து பேரை. இந்தக் கணக்கில் 92 மட்டும் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டிற்று. 42உம் 13உம் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன.

ஆனாலும் அமெரிக்கப் பெட்டியின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. வியாபாரி தன் சரக்கைத்தான் கூவுவான். ஓட்டு வாங்கி, வரி வாங்கி, இலவசம் என்று மார்தட்டிக்கொண்டு, எண்ணை மடியில் முடிந்துகொள்பவனிடம்தான் பேச்சு.

ஆம், மடியில் முடிந்துகொள்கிறார்கள். ஆய்வகத்தில் எந்திரம் 100 என்று அச்சடிக்கிறது. கடிதத்தில் அந்த 100 இல்லை. தேவை, தேவையில்லை என்ற இரண்டே பதில். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று சொல்வார்கள், கொழுப்பு எவ்வளவு என்று சொல்வார்கள், உயரத்தையும் எடையையும் கேட்காமலேயே சொல்லி வருத்தப்படுத்துவார்கள். உங்கள் குடலிலிருந்து எவ்வளவு ரத்தம் வருகிறது என்பதை மட்டும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்களாம். பயப்பட வேண்டியவர் யார் என்பது எனக்குத் தெரிகிறது; 119 வந்தவர் இல்லை.

கோடு 120 என்றால், 119 வந்தவரும் சுழியம் வந்தவரும் ஒரே கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒரே நிம்மதியோடு தேநீர் குடிக்கிறார்கள். பிறகு ஒரு நாள் 119 ஆசாமி கழிப்பறையில் சிவப்பைக் காண்கிறார். மூலமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார். ஏன் விடமாட்டார்? அரசாங்கமே அல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறது! பரிசோதனை முழு நிச்சயமில்லை, அறிகுறி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று கூட வரும் தாளில் ஒரு வரி இருக்கிறது, உண்மைதான். நல்ல செய்தி வந்த கடிதத்தின் கூடவந்த தாளைக் கடைசிவரை படித்தவன் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது அதை எழுதியவருக்கும் தெரியும்.

ஆகவே, துறைக்கு ஒரு கை உதவியாக, அவர்கள் அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கட்டணம் வேண்டாம்.

அன்புடையீர்,

தாங்கள் அனுப்பிய மலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி. அதில் கிராமுக்கு 97 மைக்ரோகிராம் மனித ஹீமோகுளோபின் இருந்தது. தாங்கள் ஸ்காட்லாந்தில் இருந்திருந்தால் அழைத்திருப்பார்கள். டப்ளினில் இருந்திருந்தால் இரண்டு முறை அழைக்கத் தகுந்த அளவு. தாங்கள் இருப்பது எங்களிடம். எங்களிடம் அறை போதாது, குழாய் பிடிக்கும் கை போதாது, திசு படிக்கும் கண் போதாது. எனவே தாங்கள் நலமாக இருப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

தாங்கள் பெண்ணாக இருந்தால் இந்தத் தீர்மானம் சற்றுக் கூடுதலாகத் தவறாக இருக்கக்கூடும். எங்கள் தவறுகள் இருபாலருக்கும் சமமானவை அல்ல, கோடு மட்டுமே சமம். தங்கள் குப்பி கடும் வெயிலில் தபால்பெட்டியில் கிடந்திருந்தால் 97 என்பதைத் தாங்களே சற்று உயர்த்திப் படித்துக்கொள்ளவும். இந்த எண்ணை வழக்கமாக நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. புதிதாக வேலைக்கு வந்த எழுத்தரின் கவனக்குறைவால் சேர்ந்துவிட்டது. அவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

அடுத்த குப்பி இரண்டு ஆண்டு கழித்து வரும். அதற்குள் தங்களுக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டால் வராது.

இடைப்பட்ட காலத்தில் மலப்பழக்கம் மாறினாலோ, எடை குறைந்தாலோ குடும்ப மருத்துவரிடம் போகவும். அவர் தங்களுக்கு ஒரு குப்பி தருவார். அதுவும் ஃபிட்தான், மலமும் தங்களுடையதுதான். ஆனால் நைஸ் என்ற மருத்துவத் தர நிறுவனம் 2023 ஆகஸ்டில் தந்த வழிகாட்டுதலின்படி அந்த வழியில் கோடு 10. இப்போது தாங்கள் அனுப்பிய இதே துளி அந்த வழியாக வந்திருந்தால், தங்கள் பெயரைப் புற்றுநோய்ச் சந்தேகத்தின் அவசரப் பட்டியலில் சேர்த்து உடனே அழைத்திருப்போம். வயிறு வலித்து வந்திருக்க வேண்டிய தாங்கள், எங்கள் அழைப்பை மதித்து, வலி வருமுன்னே வந்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தைத் தீர்மானிக்கும் துறை